இயுடிஆர்-க்கு நிலத்தோட லொக்கேஷன் ஃபைல் ரெடி பண்றது: பாதி பிளாட் கடல்ல போய் விழுது, யாராச்சும் வழி சொல்லுங்க

பச்சைக்கொட்டை எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், இனிமே தனியா முடியாதுன்னு தோணுச்சு, அதான் இங்க கேக்கறேன். நான் சின்ன காபி விவசாயிங்க சேர்ந்து வச்சிருக்க ஒரு குழுவுக்கு கணக்கு, பேப்பர் வேலை எல்லாம் பாக்கறேன். எங்ககிட்ட கொட்டை எடுக்கறவங்க அதை ஐரோப்பாவுக்கு அனுப்பறாங்க. இப்போ ஐரோப்பிய யூனியனோட காடழிப்பு சட்டம் (அதான் இயுடிஆர், 2020 கடைசிக்கு அப்புறம் காடு அழிச்ச நிலத்துல விளைஞ்சத அங்க விக்கக் கூடாதுங்கறது) வருதுன்னு சொல்லி, ஒவ்வொரு விவசாயியோட நிலமும் எங்க இருக்குன்னு ஜியோஜேசான் ஃபைலா (மேப்ல இடத்தைக் குறிக்கற ஒரு ஃபைல் வகை) குடுங்கன்னு கேட்டுட்டாங்க. மொத்தம் 412 பிளாட், அதாவது நிலத் துண்டு.

லொக்கேஷன் எங்ககிட்ட இல்லாம இல்ல, ஆனா மூணு விதமா சேர்ந்து கிடக்கு. முதல்ல எடுத்தது கையில வச்சுக்கற ஜிபிஎஸ் கருவில, அதை நோட்டுல பேனாவால எழுதி வச்சிருந்தாங்க, நான் எக்செல்ல அடிச்சேன். அடுத்தது பசங்க போன்ல எடுத்து மெசேஜ்ல அனுப்பினது. மூணாவது பெரிய தோட்டங்களுக்கு மட்டும் ஆப் ஒண்ணு ஆன் பண்ணி எல்லைய சுத்தி நடந்து கேஎம்எல் ஃபைலா (இதுவும் ஒரு மேப் ஃபைல் வகை) வாங்கினது. எல்லாத்தையும் ஒரே ஷீட்டுல போட்டு, ஆன்லைன்ல கன்வெர்ட் பண்ணி அனுப்பிட்டேன்.

மறுநாளே திருப்பி அனுப்பிட்டாங்க. 61 ரோ எரர். மீதிய மேப்ல திறந்து பாத்தா ஒரு கூட்டம் நடுக்கடல்ல இருக்கு, ஒரு கூட்டம் நிலத்துலதான் இருக்கு ஆனா எங்க தோட்டத்துல இருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, சில பாலிகன் (நிலத்தோட எல்லைய சுத்திப் போட்ட கோடு) நடுவுல முறுக்கிக்கிட்டு ரிப்பன் முடிச்சு மாதிரி இருக்கு. அந்த 412 பேர்ல முக்காவாசி பேருக்கு ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர்தான், அவங்க ஒரு மரம் கூட வெட்டினது இல்ல, நான் தப்பா அடிச்ச நம்பரால அவங்க கொட்டைய வேண்டாம்னு சொல்லிருவாங்களோன்னு ராத்திரி தூக்கம் வரல.

எனக்கு தெரிய வேண்டியது இதுதான்: எல்லாருக்கும் பாலிகன் வேணுமா இல்ல பாயிண்ட் போதுமா? ஆறு டெசிமல் ஆறு டெசிமல்னு சொல்றாங்களே, நோட்டுல அப்படி இல்லையே என்ன பண்ண? நிழல் மரத்துக்கு கீழ இருக்க காபிய சாட்டிலைட் காடுன்னு காட்டுனா என்ன ஆகும்? அப்புறம் எப்போல இருந்து இது கட்டாயம், 2024-ன்னாங்க, 2025-ன்னாங்க, இப்போ வேற ஏதோ சொல்றாங்க.

---

கோடும்புள்ளியும் எழுதினது:

முதல்ல பதட்டப்படாதீங்க, நீங்க சொன்ன மூணு கோளாறும் எல்லாருக்கும் வர்றதுதான், மூணுக்கும் காரணம் வேற வேற, அதனால ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாத்தா சரி பண்ணிடலாம். நான் இந்த மாதிரி ஃபைல் கொஞ்ச நாளா பாத்துக்கிட்டு இருக்கேன் (கோகோவும் ரப்பரும்தான் அதிகம், ஆனா வேலை ஒண்ணுதான்).

கடல்ல விழறது லாட் லாங் (அட்சரேகை, தீர்க்கரேகை) இடம் மாறினதால. மேப்ல அழுத்திப் பிடிச்சு காப்பி பண்ணினா முதல்ல அட்சரேகை வரும், அப்புறம் தீர்க்கரேகை வரும். சட்டத்துலயும் லாட்டிட்யூட், லாங்கிட்யூட்னு அந்த வரிசையிலதான் எழுதியிருக்கு. ஆனா ஜியோஜேசான் ஃபைலுக்குள்ள நேர் எதிர், தீர்க்கரேகை முதல்ல, அட்சரேகை அடுத்து. உதாரணத்துக்கு அட்சரேகை 6, தீர்க்கரேகை 38 பக்கம் எத்தியோப்பியாவுல காபி விளையற இடம். அதை திருப்பிப் போட்டா 38-ம் 6-ம், அது அல்ஜீரியாவுக்கு வடக்க மத்தியதரைக் கடல். எந்த சாஃப்ட்வேரும் எரர் காட்டாது, ஏன்னா ரெண்டுமே சரியான நம்பர்தான். வியட்நாம் மாதிரி தீர்க்கரேகை 108 இருக்க இடம்னா, திருப்பிப் போட்ட உடனே எரர் வந்துரும், அட்சரேகை 90-க்கு மேல போகாதே. அதனால எரர் வரலன்னா சரியா இருக்குன்னு நினைச்சுராதீங்க. அனுப்பறதுக்கு முன்னாடி மேப்ல திறந்து கண்ணால பாத்தே ஆகணும். இன்னொண்ணு, ஏதாவது பாயிண்ட் ஆப்பிரிக்காவுக்கு மேற்க, கினி வளைகுடால தனியா நின்னா, அது செல் காலியா இருந்து 0, 0-ன்னு போனது.

இருபது கிலோமீட்டர் தள்ளிப் போறது உங்க நோட்டு பேட்ச்னு நினைக்கிறேன். கருவில டிகிரி, நிமிஷம், செகண்ட்ல காட்டியிருக்கும். 6 டிகிரி 30 நிமிஷம் 36 செகண்ட்னா அதை 6.3036-ன்னு அடிச்சிருப்பீங்க. அது தப்பு. 30-ஐ 60-ஆல வகுக்கணும், 36-ஐ 3600-ஆல வகுக்கணும், 0.5-ம் 0.01-ம் கூட்டினா 6.51. ரெண்டுக்கும் வித்தியாசம் 0.2064 டிகிரி, ஒரு டிகிரி கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர், ஆக 23 கிலோமீட்டர் தள்ளிப் போயிரும். நீங்க சொன்ன தூரத்துக்கு இது பொருந்தி வருது பாருங்க.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்ப கை குடுத்தது. அந்த பேட்ச்ல எல்லா ரோவுலயும் புள்ளிக்கு அடுத்த ரெண்டு டிஜிட்ட மட்டும் பாருங்க. உண்மையான டெசிமல் டிகிரியா இருந்தா 00-ல இருந்து 99 வரைக்கும் எதுவும் வரலாம். நிமிஷத்தை அப்படியே அடிச்சிருந்தா ஒரு ரோ கூட 59-ஐ தாண்டாது. அடுத்த ரெண்டு டிஜிட்டும் அதே மாதிரி 59-லயே நின்னா சந்தேகமே வேணாம். ஒரே ஒரு விஷயம், சில கருவி 6 டிகிரி 30.600 நிமிஷம்னு மூணாவது ஒரு விதமா காட்டும், அதுல செகண்டே கிடையாது, 30.600-ஐ மொத்தமா 60-ஆல வகுக்கணும். நோட்டோட அசல் பக்கத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க, எக்செல்ல இருந்து ஊகிக்காதீங்க.

ஆறு டெசிமல் விஷயம். ஆறாவது டிஜிட்னா நிலத்துல சுமார் 11 சென்டிமீட்டர். போன் ஜிபிஎஸ் திறந்த வெளில நல்லா இருந்தாலே அஞ்சு மீட்டர் அளவுக்குத்தான் சரியா இருக்கும், மரத்தடியில இன்னும் மோசம். அப்போ எதுக்கு ஆறு டிஜிட்னா, ரவுண்டு பண்ணி பண்ணி இடம் நகர்ந்துரக் கூடாதுன்னுதான். நாலு டிஜிட்டோட நின்னா 11 மீட்டர், மூணோட நின்னா 111 மீட்டர், அது பக்கத்து தோட்டத்துக்கே போயிரும். போன்ல இருந்து வந்தது ஆறு டிஜிட் இருந்தும் எக்செல் கடைசி சைபரை முழுங்கியிருந்தா, செல் ஃபார்மேட்ட ஆறு டெசிமலா மாத்துங்க போதும். ஆனா உண்மையிலேயே மூணு டிஜிட்தான் எழுதி வச்சிருக்காங்கன்னா, பின்னாடி மூணு சைபர் சேர்த்து ஆறாக்கி அனுப்பாதீங்க. ஃபைல் பாஸ் ஆயிரும், ஆனா அந்த இடம் அவங்க நிலம் இல்ல. அந்த ரோவெல்லாம் தனியா எடுத்து வச்சு திரும்ப போய் எடுக்கறதுதான் ஒரே வழி.

---

வரப்புநடை எழுதினது:

மேல சொன்னது அத்தனையும் சரி. நான் களத்துல போய் எடுக்கற ஆள், அதனால பாயிண்ட்டா பாலிகனான்னு கேட்டீங்களே அதுக்கு சொல்றேன்.

சட்டம் சொல்றது: 4 ஹெக்டேருக்கு மேல இருக்க நிலத்துக்கு பாலிகன் கட்டாயம், அதாவது சுத்து எல்லைய காட்டற அளவுக்கு புள்ளிகள் வேணும். 4 ஹெக்டேர் வரைக்கும் ஒரே ஒரு பாயிண்ட் போதும். 4 ஹெக்டேர்னா கிட்டத்தட்ட 9.9 ஏக்கர், அப்போ உங்க ஆளுங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு பாயிண்ட்டே போதும். கால்நடைக்கு மட்டும் வேற, அங்க தொழுவம் இருக்க இடத்துக்கு பாயிண்ட் குடுத்தா போதும்.

சட்டப்படி போதும்னாலும் நான் சின்ன நிலத்துக்கும் முடிஞ்சவரை பாலிகன்தான் எடுக்கறேன், காரணம் இருக்கு. பாயிண்ட் மட்டும் இருந்தா செக் பண்றவங்களுக்கு நிலம் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகுதுன்னு தெரியாது, சுத்தி ஒரு வட்டம் போட்டுத்தான் பாப்பாங்க. பரப்பளவு எழுதாம விட்டா, இந்த ஃபைலை ஏத்தற ஐரோப்பிய சிஸ்டம் அதை 4 ஹெக்டேர்னு எடுத்துக்கும். 4 ஹெக்டேர் வட்டத்துக்கு ஆரம் 113 மீட்டர் வரும். ஒருத்தருக்கு இருக்கறது ஒரு ஏக்கர், அதாவது 0.4 ஹெக்டேர், அதுக்கு உண்மையான ஆரம் 36 மீட்டர்தான். அவர் நிலம் காட்டு ஓரத்துல இருந்து 60 மீட்டர் தள்ளி இருக்குன்னு வச்சுக்கோங்க, பெரிய வட்டம் போட்டா காட்டுக்குள்ள போயிரும், அங்க யாரோ மரம் வெட்டியிருந்தா அது இவர் தலையில விழும். ஒரு சின்ன செல்ல 0.4-ன்னு எழுதாததால ஒரு மனுஷனோட ஒரு வருஷ விளைச்சல் சந்தேகத்துக்கு போகுது. அதனால பாயிண்ட் குடுத்தா பரப்பளவு கண்டிப்பா எழுதுங்க. ஓடை ஓரமா நீளமா, ஒல்லியா போற நிலம்னா வட்டம் எப்படிப் போட்டாலும் தப்பாத்தான் வரும், அதுக்கு பாலிகனே எடுத்துருங்க.

நடக்கறப்போ நான் பாத்த வரைக்கும் பெரிய தப்பு என்னன்னா ஆப்ப ஆன் பண்ணிட்டு பேசிக்கிட்டே சுத்தறது. அது நீங்க நின்ன இடம், தண்ணி குடிக்கப் போன இடம், எல்லாத்தையும் கோடா போட்டுரும், அந்த ரிப்பன் முடிச்சு அங்க இருந்துதான் வருது. நான் என்ன பண்றேன்னா, விவசாயிய கூட்டிக்கிட்டு எல்லைக்கல் எல்லைக்கல்லா போறேன், ஒவ்வொரு மூலையிலயும் போனை நெஞ்சு உயரத்துல பிடிச்சுக்கிட்டு, ஸ்க்ரீன்ல அக்யூரசி மீட்டர் குறைஞ்சு நிக்கற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் புள்ளி வைக்கறேன். மரம் அடர்த்தியா இருந்தா ரெண்டு நிமிஷம் கூட ஆகும். காலையில முதல் தோட்டத்துக்கு போனதும் போன் சாட்டிலைட்ட பிடிக்கவே கொஞ்ச நேரம் எடுக்கும், அந்த முதல் புள்ளிய அவசரப்பட்டு வைக்காதீங்க. பக்கத்து பக்கத்து நிலக்காரங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரச் சொல்லி, பொது வரப்பை ஒரே தடவை எடுத்து ரெண்டு பாலிகனுக்கும் அதே புள்ளிகள பயன்படுத்துங்க. தனித்தனியா எடுத்தா அஞ்சு மீட்டர் இந்தப் பக்கம், அஞ்சு மீட்டர் அந்தப் பக்கம் போயி ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். அந்த ஒரு நாள் ரெண்டு பேரும் வரப்புல சேர்ந்து நின்னு இதுதான் எல்லைன்னு ஒத்துக்கறது ஃபைலுக்கு மட்டும் இல்ல, அவங்களுக்கும் நல்லது.

ஆப்னா எஃப்ஏஓ-வும் (ஐநா-வோட உணவு, வேளாண் அமைப்பு) கூகுளும் சேர்ந்து செஞ்ச கிரவுண்ட்னு ஒண்ணு இருக்கு, காசு கிடையாது, சிக்னல் இல்லாத இடத்துலயும் எடுத்து வச்சுக்கலாம்.

---

வேகமானவன் எழுதினது:

எதுக்கு இவ்வளவு சிரமம், எல்லாரும் 4 ஹெக்டேருக்கு கீழதானே, வீட்டு லொக்கேஷன மெசேஜ்ல அனுப்பச் சொல்லி அதையே பாயிண்ட்டா போட்டுருங்க. ஒண்ணு ரெண்டு பெரிய நிலம் 6 ஹெக்டேர்னா அதை மூணு மூணா ரெண்டா பிரிச்சுட்டா பாலிகனே வேணாம். நாள் கணக்குல நடக்கறத ஒரு சாயங்காலத்துல முடிக்கலாம்.

---

கோடும்புள்ளியும் எழுதினது:

மேல எழுதினவருக்கு: நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்கன்னு புரியுது, ஆனா இத யாரும் செய்யாதீங்க, தயவு செஞ்சு. வீடு இருக்க இடம் பயிர் இருக்க இடம் இல்ல. நிறைய பேருக்கு வீடு ஒரு பக்கம், தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம். ஒரே தெருவுல இருக்க முப்பது பேரோட பாயிண்ட்டும் ஒரே இடத்துல கொத்தா நின்னா செக் பண்றவங்க முதல் பார்வையிலேயே கண்டுபிடிச்சுருவாங்க, அப்புறம் மீதி சரியா இருக்கறதையும் நம்ப மாட்டாங்க.

நிலத்தைப் பிரிக்கறதும் சேர்க்கறதும் நம்ம இஷ்டம் இல்ல. பிளாட்னா என்னன்னு சட்டத்துலயே இருக்கு: அந்த நாட்டு சட்டப்படி ஒரே சொத்தா இருக்கற நிலத்துக்குள்ள, ஒரே மாதிரி தன்மை இருக்கற பகுதி. 6 ஹெக்டேர் ஒரே சொத்தா, ஒரே மாதிரி தோட்டமா இருந்தா அது ஒரு பிளாட், பாலிகன் வேணும். அதே மாதிரி பக்கத்து பக்கத்து பத்து பேரோட நிலத்தை சேர்த்து ஒரே பெரிய பாலிகனா போடறதும் ஆகாது. ஒருத்தருக்கு மூணு இடத்துல துண்டு துண்டா நிலம் இருந்தா மூணையும் தனித்தனியா போடணும், பேர் மட்டும் ஒண்ணா இருக்கலாம்.

இதுல ஏன் இவ்வளவு கறாரா இருக்கேன்னா, கொட்டை எல்லாம் ஒண்ணா கலந்துதான் போகுது. கலந்த சரக்குல ஒரு நிலம் சட்டத்துக்கு ஒத்து வரலன்னு ஆச்சுன்னா, அதை பிரிச்சு எடுக்க முடியாத வரைக்கும் மொத்த சரக்கும் ஐரோப்பாவுல விக்க முடியாது. ஒருத்தர் பாயிண்ட்ட சோம்பலா போட்டா மத்த 411 பேருக்கும் அடி.

---

நிழல்மரம் எழுதினது:

நிழல் காபிய பத்தி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன், ஏன்னா இதுல நிறைய பேர் தேவையில்லாம பயந்து போறாங்க.

சட்டம் காடுன்னு எதைச் சொல்லுதுன்னா, 0.5 ஹெக்டேருக்கு மேல பரப்பு, 5 மீட்டருக்கு மேல வளர்ற மரம், 10 சதவீதத்துக்கு மேல மரக்கிளை மூடியிருக்கணும், அதோட அந்த நிலம் முக்கியமா விவசாயத்துக்கோ ஊர் கட்டடத்துக்கோ பயன்படற நிலமா இருக்கக் கூடாது. கடைசி பகுதிதான் உங்களுக்கு முக்கியம். மர நிழல்ல பயிர் வைக்கற வேளாண்காடு முறைய சட்டம் விவசாயத் தோட்டம்னுதான் கணக்கு வைக்குது. அப்போ 2020-க்கு முன்னாடியே நிழல் காபி இருந்த நிலம் மரம் எவ்வளவு உயரமா இருந்தாலும் காடு கிடையாது.

ஆனா மேலே இருந்து பாக்கற சாட்டிலைட்டுக்கு இது தெரியாது. அதுக்கு மரக்கிளைதான் தெரியும், கீழ காபிச் செடி நிக்கறது தெரியாது. ஐரோப்பிய கமிஷனோட ஆராய்ச்சி மையம் போட்ட 2020 காட்டு வரைபடம் 10 மீட்டர் துல்லியத்துல இருக்கு, அதுலயும் நிழல் தோட்டம் காடுன்னு பச்சையா வந்துரலாம். அந்த மேப் சட்டப்படி இறுதித் தீர்ப்பு கிடையாது, ஒரு உதவிக் கருவிதான், அது அவங்களே சொன்னது. இன்னொண்ணையும் கவனிங்க: மேப்ல பச்சையா இருக்கறது மட்டும் பிரச்சனை இல்ல, 2020 டிசம்பர் 31-க்கு அப்புறம் அந்தப் பச்சை போச்சான்னுதான் கேள்வி. அன்னைக்கும் நிழல் மரம் இருந்தது, இன்னைக்கும் இருக்குன்னா அங்க எதுவும் அழியலை.

உண்மையான சிக்கல் எங்க வருதுன்னா, பழைய செடிய பிடுங்கிட்டு புதுசா நட்டவங்களுக்கு, நிழல் மரத்தை கழிச்சு விட்டவங்களுக்கு. சாட்டிலைட்ல அது 2022-ல காடு போன மாதிரி தெரியும். அவங்களுக்கு இப்போவே ஆதாரம் சேர்த்து வைங்க: 2020-க்கு முன்னாடியே காபி இருந்ததுக்கு பழைய கொள்முதல் சீட்டு, நிலப் பத்திரம், தேதியோட இருக்க போட்டோ. சென்டினல்-2 சாட்டிலைட் படம் 2015-ல இருந்து இலவசமா கிடைக்குது, அந்த நிலத்தோட 2020 கடைசி படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுத்து வைங்க. எஃப்ஏஓ-வோட விஸ்ப்னு ஒரு கருவி இருக்கு, உங்க ஜியோஜேசான அதுல போட்டா பல மேப்ப ஒரே நேரத்துல ஒப்பிட்டு எந்த பிளாட்ட கூடுதலா பாக்கணும்னு சொல்லும். அது கூடுதலா பாக்கச் சொன்னா அந்த விவசாயிய குழுவ விட்டு எடுத்துரணும்னு அர்த்தம் இல்ல, யாராவது நேர்ல போய் பாக்கணும்னு அர்த்தம். இதை உங்ககிட்ட வாங்கறவங்களுக்கும் எழுத்துல சொல்லி வைங்க, ஏன்னா மெஷின் சிவப்பு காட்டிருச்சுன்னு பேரை நீக்கற வழக்கம் சில இடத்துல ஆரம்பிச்சிருச்சு, அது அநியாயம்.

---

பச்சைக்கொட்டை எழுதினது:

உங்க எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நோட்டு பேட்ச்ல புள்ளிக்கு அப்புறம் ரெண்டு டிஜிட்ட வரிசைப்படுத்தி பாத்தேன், 138 ரோவுல ஒண்ணு கூட 59-ஐ தாண்டல. அடிச்சது நான்தான். நோட்டு அசலைத் தேடி எடுத்தா சுத்தமா டிகிரி நிமிஷம் செகண்ட்னு குறி போட்டே எழுதியிருக்காங்க, நான்தான் குறிய விட்டுட்டு புள்ளி வச்சுட்டேன். ஃபார்முலா போட்டு மாத்தினேன், 131 பாயிண்ட் அப்படியே தோட்டத்துல வந்து உக்காந்துருச்சு. மீதி ஏழு ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது, அதுக்கு நேர்ல போகணும்.

இப்போ கேஎம்எல்-ல இருந்து வந்த பாலிகன் 23 இருக்கு. அதை கியூஜிஐஎஸ்-ங்கற மேப் சாஃப்ட்வேர்ல திறந்துட்டேன், அடுத்து என்ன செய்யணும்னு யாராச்சும் சொன்னா நல்லா இருக்கும். தேதியும் சொல்லிடுங்க.

---

கோடும்புள்ளியும் எழுதினது:

138-ல 131-ஐ ஒரே ஃபார்முலால காப்பாத்திட்டீங்க, ரொம்ப சந்தோஷம். பாலிகனுக்கு வர்றேன்.

கேஎம்எல்-ல ஒவ்வொரு புள்ளிக்கும் மூணாவதா உயரம் ஒட்டிக்கிட்டு வரும், அது வேணாம், எக்ஸ்போர்ட் பண்றப்போ இசட் பரிமாணத்தை எடுத்துருங்க. அதுக்கு முன்னாடி செக் வேலிடிட்டின்னு ஒரு டூல் இருக்கு, ஓட்டினா எந்த பாலிகன் தன்னைத்தானே வெட்டிக்குதுன்னு இடத்தோட காட்டும். ஃபிக்ஸ் ஜியாமெட்ரீஸ்னு இன்னொரு டூல் தானா சரி பண்ணும், ஆனா நான் ஒரு எச்சரிக்கை சொல்றேன், அது முடிச்சை அவுக்காது, முடிச்சுல ரெண்டு துண்டா வெட்டிரும். ஒரு நிலம் ரெண்டு முக்கோணமா ஆயிரும். மூலைகள் வரிசை மாறினதால முறுக்கியிருந்தா கையால புள்ளிய நகர்த்தி வரிசைய சரி பண்றதுதான் சரி, பின்னாடி சாட்டிலைட் படம் போட்டு வச்சுக்கிட்டு விவசாயிய பக்கத்துல உக்கார வச்சு செஞ்சா இன்னும் நல்லது. 23 தானே, ஒரு நாள் வேலை.

பாலிகன் முதல் புள்ளியிலேயே வந்து முடியணும், அதனால முக்கோண நிலத்துக்கு கூட ஃபைல்ல நாலு புள்ளி இருக்கும். கியூஜிஐஎஸ் இதைத் தானா செய்யும், கையால எழுதறவங்கதான் மறந்துருவாங்க.

பரப்பளவ டிகிரில கணக்கு போட்டுராதீங்க, 0.0003-ன்னு ஏதோ வரும். புராஜெக்ட்ல எலிப்சாய்ட் (பூமியோட வடிவக் கணக்கு) டபிள்யூஜிஎஸ் 84 இருக்கான்னு பாத்துட்டு, டாலர் ஏரியாங்கற ஃபார்முலா தர்ற சதுர மீட்டரை பத்தாயிரத்தால வகுத்தா ஹெக்டேர் வரும். விவசாயி சொன்ன அளவோட ஒப்பிடுங்க. அவர் 5 ஹெக்டேர் சொல்லி மேப்ல 2.5 வந்தா பாதி தோட்டத்தை நடக்காம விட்டிருக்கீங்க.

சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ் போயி ஃபார்மேட் ஜியோஜேசான், சிஆர்எஸ் (எந்த கோஆர்டினேட் முறைங்கறது) ஈபிஎஸ்ஜி 4326, அதாவது டிகிரி கணக்கு. இது ரொம்ப முக்கியம், மீட்டர் கணக்குல இருக்க வேற புரொஜெக்‌ஷன்ல இருந்தா லட்சக்கணக்கான நம்பரா போயிரும். கோஆர்டினேட் பிரிசிஷன் 15-ன்னு இருக்கும், 6-ஆ மாத்துங்க, ஃபைல் பாதியா சுருங்கும். ஐரோப்பிய சிஸ்டத்துல ஒரு ஃபைல் 25 எம்பி தாண்டக் கூடாது, உங்க 412-க்கு அது பக்கத்துல கூட வராது. அதுல ஒவ்வொரு பிளாட்டுக்கும் புரொட்யூசர்நேம், புரொட்யூசர்கன்ட்ரி, புரொடக்‌ஷன்பிளேஸ், ஏரியான்னு நாலு ஃபீல்டு படிக்கும், ஆங்கில எழுத்துல இடைவெளி விடாம அப்படியே இருக்கணும். நாட்டுக்கு ரெண்டு எழுத்துக் குறியீடு. பேர்ல ஆங்கிலம் இல்லாத எழுத்து இருந்தா எக்செல்ல இருந்து யூடிஎஃப்-8 சிஎஸ்வி-யா (செல்களைக் கமாவால பிரிக்கற ஃபைல்) சேவ் பண்ணுங்க, இல்லன்னா கட்டம் கட்டமா வரும். இன்னொரு தொல்லை, சில கம்ப்யூட்டர்ல புள்ளிக்கு பதிலா கமா டெசிமலா இருக்கும், 6,51-ன்னு வந்தா சிஎஸ்வி ரெண்டு செல்லா பிரிச்சுரும். உங்க 61 எரர்ல கொஞ்சம் அதுவா இருக்கலாம்.

விவசாயியோட பேர் போடறது உங்ககிட்ட வாங்கறவங்க கேட்டாத்தான். குழுவுக்குள்ள ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் குடுத்து அதைப் போட்டா போதுமான்னு கேட்டுப் பாருங்க, பேர் இருக்க பட்டியல் உங்ககிட்டயே இருக்கட்டும். ஒருத்தரோட நிலத்தோட எல்லை அவரைக் கேட்காம வெளிய போகக் கூடாது, ஒப்புதல் கையெழுத்து வாங்கி வைங்க.

தேதி: முதல்ல 2024 டிசம்பர் 30-ன்னு இருந்துச்சு, ஒரு வருஷம் தள்ளினாங்க, 2025 டிசம்பர்ல திரும்பவும் தள்ளினாங்க. இப்போ பெரிய, நடுத்தர கம்பெனிகளுக்கு 2026 டிசம்பர் 30, ரொம்பச் சின்ன, சின்ன கம்பெனிகளுக்கு 2027 ஜூன் 30. இது அங்க இறக்குமதி பண்றவங்களுக்கான தேதி, அவங்களுக்கு ஃபைல் அதுக்கு முன்னாடியே வேணும். தேதி தள்ளிப் போனாலும் 2020 டிசம்பர் 31 கட்-ஆஃப் மாறலை, அதை எல்லா விவசாயிக்கும் சொல்லிருங்க. வாங்கறவங்க ஆவணத்தை அஞ்சு வருஷம் வச்சிருக்கணும், நீங்களும் நோட்டை தூக்கிப் போட்டுராதீங்க.

---

வரப்புநடை எழுதினது:

ஒண்ணு சேர்த்துக்கோங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கற ஏழையும் மேப்ல மவுஸால இந்தப் பக்கம் இழுத்து வைக்கத் தோணும். செய்யாதீங்க. எனக்கு ஒரு தடவை அதே மாதிரி ஒரு பாயிண்ட் தப்புன்னு நினைச்சு நேர்ல போனா, அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே ஆத்துக்கு அந்தப் பக்கம் கால் ஏக்கர் இருந்துச்சு, அவங்க அப்பா குடுத்தது, யாரும் எழுதி வைக்கல. பாயிண்ட் சரி, எங்க பட்டியல்தான் தப்பு.

---

பச்சைக்கொட்டை எழுதினது:

நேத்து போயிட்டு வந்தேன். ஏழுல அஞ்சு நோட்டுல எழுதினவர் 1-ஐ 7 மாதிரி எழுதியிருந்ததால நான் தப்பா படிச்சது. ஒண்ணுல கருவிய தோட்டத்துல பிடிக்காம பரிசல் துறையில நின்னு எடுத்திருக்காங்க, அதை திரும்ப எடுத்தாச்சு. கடைசி ஒண்ணு, வரப்புநடை சொன்ன மாதிரியே, அவர் நிலம் அந்தப் பக்கம்தான். என்னைக் கூட்டிக்கிட்டு போயி நாலு மூலையும் அவரே காட்டினார், நான் அக்யூரசி 4 மீட்டர் வர்ற வரைக்கும் ஒவ்வொரு மூலையிலயும் நின்னேன், அவர் பொறுமையா கூடவே நின்னார், இந்தச் செடியெல்லாம் எந்த வருஷம் வச்சதுன்னு சொல்லிக்கிட்டே வந்தார். அதையும் குறிச்சுக்கிட்டேன், 2009.

பாலிகன்ல முடிச்சு விழுந்தது அஞ்சு, கையால அவுத்தாச்சு. ஒரு அப்பாவும் மகனும் ஒரே நிலத்தை ரெண்டு பேர்லயும் குடுத்திருந்தாங்க, பேசி ஒண்ணாக்கியாச்சு, இப்போ 411. நிழல் மரம் கழிச்சவங்க பன்னெண்டு பேர் இருக்காங்க, அவங்க சீட்டும் போட்டோவும் தேடிக்கிட்டு இருக்காங்க, அது வந்ததும் விஸ்ப்ல போட்டு பாத்துட்டு ஃபைல அனுப்பறேன். என்ன பதில் வருதுன்னு இங்கயே எழுதறேன்.